அழகாபுரம் வீட்டுக்கு இருவரும் ஏற்ற ஒரு மதிப்பு

பரஸ்பர சம்மதத்தின் பேரில் மணவிலக்குக் கோரி, இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின் கீழ் மனு அளிக்க நானும் என் கணவரும் முடிவு செய்தபோது, சேலம் அழகாபுரத்தில் இருவர் பெயரிலும் வாங்கியிருந்த வீடு ஒன்றே தீராத சிக்கலாக நின்றது. அவர் தரப்பு பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பைக் காட்டியது. நானோ தரகர் சொன்ன தொகையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முன்னது முத்திரைத் தீர்வைக்கான அடிப்படை. பின்னது வெறும் எதிர்பார்ப்பு. இரண்டுமே சந்தை மதிப்பு அல்ல என்பது எனக்குத் தாமதமாகவே புரிந்தது.

பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரைக் கூட்டாக அமர்த்தி, கட்டணத்தைப் பாதியாகப் பகிர்ந்து, எந்தத் தேதியின் மதிப்பு வேண்டும் என்பதையும் வழக்கறிஞர்கள் மூலம் எழுத்தில் கொடுத்தோம். அந்தத் தேதியை விட்டுவிட்டால் தகராறு மறுபடியும் முளைக்கும். கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி வரைபடம் ஆகியவற்றின் நகல்களையும் தந்தோம். மதிப்பீட்டாளர் அளந்தபோது இருவரும் உடனிருந்தோம். மனைக்கு அக்கம்பக்கத்தில் அண்மையில் பதிவான கிரயங்களை ஒப்பிட்டும், கட்டடத்துக்கு இன்றைய கட்டுமானச் செலவிலிருந்து வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழித்தும் தனித்தனியே கணக்கிட்டார். மாடியில் அனுமதியின்றி எழுப்பிய அறைக்கு முழு மதிப்புத் தர அவர் மறுத்தது எனக்கு வலித்தது. ஆனால் அது நியாயமே.

மதிப்பீட்டில் வந்த தொகையில் வீட்டுக்கடன் நிலுவையைக் கழித்து, மீதியில் பாதியைக் கணவரிடமிருந்து பெற்றுக்கொண்டேன். கடனிலிருந்து என் பெயரை நீக்கியதற்கான வங்கிக் கடிதம் கைக்கு வந்த பிறகே, வீட்டில் என் பங்கை அவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்திட்டேன்.