கறுப்படித்தால் மட்டும் மறைந்துவிடாது: அரசு ஆவணங்களில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

ஒரு பி.டி.எஃப் கோப்பைத் திறக்கிறீர்கள். இடையிடையே சில வரிகளின் மேல் கறுப்புப் பட்டை. மவுஸால் அந்தப் பட்டையின் மேல் இழுத்து, காப்பி எடுத்து, நோட்பேடில் பேஸ்ட் செய்கிறீர்கள். மறைத்து வைத்த பெயர் அப்படியே வந்து விழுகிறது. பத்து விநாடி வேலை. ஹேக்கிங் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

2005-ல் அமெரிக்க ராணுவத்துக்கு இதுதான் நடந்தது. அந்த ஆண்டு மார்ச் 4-ம் தேதி, இராக்கில் கடத்தப்பட்டிருந்த ஒரு பெண் பத்திரிகையாளரை மீட்டு பாக்தாத் விமான நிலையத்துக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார் இத்தாலிய உளவுத்துறை அதிகாரி நிகோலா கலிபாரி. வழியில் அமெரிக்க வீரர்கள் சுட்டதில் அவர் இறந்துபோனார். விசாரணை அறிக்கையைக் கறுப்புப் பட்டைகளோடு இணையத்தில் போட்டார்கள். வெளியான கையோடு இத்தாலியில் யாரோ காப்பி பேஸ்ட் செய்து பார்க்க, வீரர்களின் பெயர்களும் சோதனைச் சாவடி நடைமுறைகளும் பத்திரிகைகளுக்குப் போய்விட்டன. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை, ஆவணங்களில் தகவலைப் பத்திரமாக நீக்குவது எப்படி என்று ஒரு வழிகாட்டியே வெளியிட்டது.

அதற்குப் பிறகும் தவறு நிற்கவில்லை. 2009-ல் அமெரிக்க விமான நிலையச் சோதனைக் கையேடு. 2011-ல் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகத்தின் அணுசக்தி நீர்மூழ்கி அறிக்கை. 2024 அக்டோபரில் டிக்டாக் மீது கென்டக்கி மாநில அரசு போட்ட வழக்கின் மனு. 2025 டிசம்பரில் அமெரிக்க நீதி அமைச்சகம் வெளியிட்ட, பாலியல் குற்றவாளி ஜெஃப்ரி எப்ஸ்டீன் பற்றிய கோப்புகளில் சில. எல்லாவற்றிலும் அதே காப்பி பேஸ்ட்தான்.

மூடுவதும் நீக்குவதும் ஒன்றல்ல

பி.டி.எஃப் பக்கம் நம் கண்ணுக்கு ஒரே தாளாகத் தெரிகிறது. கோப்புக்குள் எழுத்து தனி, அதன் மேல் வரைந்த கட்டம் தனி. வாசலில் போட்ட கோலத்தின் மேல் பாயை விரித்த மாதிரிதான். பாயை எடுத்தால் கோலம் அங்கேயே இருக்கும். வேர்டில் எழுத்தின் பின்னணியைக் கறுப்பாக்கி பி.டி.எஃப் ஆக மாற்றினாலும் இதே கதிதான். எழுத்தையே அழிக்கிற கருவி நல்ல பி.டி.எஃப் மென்பொருள்களில் தனியாக இருக்கிறது. அதில் பகுதியைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. 'அப்ளை' கொடுத்து, புதுக் கோப்பாகச் சேமித்தால்தான் எழுத்து போகும்.

காகிதத்தில் மார்க்கரால் அடித்து ஸ்கேன் செய்தாலும் நம்ப முடியாது. 2023-ல் மைக்ரோசாஃப்ட் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடர்ந்த வழக்கில் சோனி தரப்பு ஆவணம் ஒன்று இப்படித்தான் வெளியானது. மார்க்கர் மையின் அடியில் இருந்த கோடிக்கணக்கான டாலர் செலவுக் கணக்கை எல்லோரும் படித்துவிட்டார்கள்.

ஒரு இடத்தில் அடித்து, இன்னொரு இடத்தில் விடுவது

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான், ஏனென்றால் இதை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. 2020 அக்டோபரில் எப்ஸ்டீனின் கூட்டாளி கிலேன் மேக்ஸ்வெல்லின் வாக்குமூலம் நீதிமன்ற உத்தரவுப்படி வெளியானது. பெயர்களை ஒழுங்காகவே அடித்திருந்தார்கள். ஆனால் கடைசியில் அகர வரிசையில் ஒரு சொல்லடைவு இருந்தது. எந்தச் சொல் எந்தப் பக்கம், எந்த வரியில் வருகிறது என்கிற பட்டியல். அதிலும் பெயர்களை அடித்திருந்தார்கள். ஆனால் வரிசை அப்படியே இருந்தது. கறுப்புக்கு முன்னும் பின்னும் இருக்கும் சொற்களைப் பார்த்தாலே பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். ஸ்லேட் இதழின் செய்தியாளர்கள் அதை வைத்தே பல பெயர்களைக் கண்டுபிடித்தார்கள்.

மறைத்த இடத்தின் நீளமும் பேசும். 2004-ல் டேவிட் நக்காஷ், கிளேர் வீலன் என்ற இரு ஆய்வாளர்கள், பின்லேடன் பற்றி அமெரிக்க அதிபருக்குக் கொடுக்கப்பட்ட 2001 ஆகஸ்ட் குறிப்பில் அடித்திருந்த ஒரு சொல்லின் அகலத்தை அளந்தார்கள். அந்த எழுத்துருவில் அந்த அகலத்துக்குப் பொருந்துகிற சொற்களை அகராதியில் தேடி, வாக்கியத்துக்கும் ஒத்துவருவதாக ஒன்றைக் கண்டார்கள்: 'எகிப்திய'. அதனால் எல்லாப் பெயருக்கும் ஒரே நீளக் கட்டம் போடுங்கள். அதைவிட நல்லது, பெயரை எடுத்துவிட்டு 'சாட்சி 3' என்று தட்டச்சு செய்வது.

எக்செலை அப்படியே அனுப்பாதீர்கள்

2023 ஆகஸ்டில் வட அயர்லாந்து காவல்துறை, தகவல் அறியும் உரிமைக் கேள்வி ஒன்றுக்கு எக்செல் கோப்பாகப் பதில் கொடுத்தது. கேட்டது எண்ணிக்கை மட்டும். கோப்புக்குள் மறைந்திருந்த இன்னொரு தாளில் 9,483 காவலர்கள், ஊழியர்களின் குடும்பப் பெயர், முதலெழுத்து, பதவி, பணியிடம் எல்லாம் இருந்தன. காவலர் என்று தெரிந்தால் உயிருக்கே ஆபத்து வரக்கூடிய ஊர் அது. பிறகு 7,50,000 பவுண்டு அபராதம் விதித்தார்கள். ஒரு சின்ன அட்டவணையைத் தனியாக எடுத்து அனுப்பியிருந்தால் போதும்.

கணினியே பூட்டிக்கொள்ளும் என்று விடுவது

நம் ஊருக்கு வருவோம். எஃப்.ஐ.ஆர்களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும், பாலியல் குற்றம் போன்றவற்றை ஏற்றக் கூடாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர் யார் என்று தெரியவைக்கிற எதையும் வெளியிடக் கூடாது என்று 2018 டிசம்பரில் இன்னொரு தீர்ப்பும் சொன்னது. ஆனாலும் 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழகப் பாலியல் வன்முறை வழக்கின் எஃப்.ஐ.ஆர், மாணவியின் விவரங்களோடு காவல்துறை இணையதளத்திலிருந்து தரவிறங்கிப் பரவியது. பழைய தண்டனைச் சட்டத்திலிருந்து புதிய நியாய சன்ஹிதாவுக்கு மாறியதில், தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதி வேலை செய்யவில்லை என்பது காவல்துறை சொன்ன விளக்கம். புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததோ ஜூலை 1-ல். இப்படி ஒரு எஃப்.ஐ.ஆர் பதிவானதும் அது வெளியே தெரிகிறதா என்று ஒருவர் போனில் திறந்து பார்த்திருக்கலாமே! மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

2019 மார்ச்சில் பொள்ளாச்சி பாலியல் வழக்கை சி.பி.ஐ-க்கு மாற்றிய அரசாணையில், புகார் கொடுத்த பெண்ணின் பெயரே அச்சாகியிருந்தது. அங்கே கறுப்புப் பட்டை சரியாக விழாதது பிரச்சினை இல்லை. மறைக்க வேண்டிய ஒன்று இருக்கிறது என்றே யாருக்கும் தோன்றவில்லை. அதற்கும் 25 லட்சம் கொடுக்கச் சொன்னது மதுரைக் கிளை.

வெளியிடும் முன் செய்ய வேண்டியது

ஆவணத்தைத் தயாரித்தவர் அல்லாத இன்னொருவர் கடைசிக் கோப்பைத் திறக்கட்டும். கன்ட்ரோல் ஏ, காப்பி, நோட்பேடில் பேஸ்ட். அங்கே பெயரைத் தேடட்டும். பெயரோடு நிறுத்தாமல் இனிஷியல், அப்பா பெயர், கல்லூரி, தெரு, மின்னஞ்சல் முகவரி எல்லாவற்றையும் தேட வேண்டும். லாவாபிட் என்ற மின்னஞ்சல் நிறுவனத்தின் வழக்கு ஆவணங்களில், அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்நோடனின் அடையாளத்தை மறைத்திருக்க வேண்டும். அவற்றில், 2016-ல் அடிக்காமல் விட்டுப்போனது அவருடைய மின்னஞ்சல் முகவரிதான். ஸ்கேன் செய்து படமாக இருக்கிற பக்கங்களில் இந்தத் தேடல் பலிக்காது. அவற்றைக் கண்ணால்தான் படிக்க வேண்டும். கோப்பின் உள்விவரங்கள், கமென்டுகள், பழைய திருத்தங்கள் ஆகியவற்றையும் துடைத்துவிட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் கசிந்துவிட்டால், கோப்பை உடனே எடுங்கள். அப்புறம் கூட்டம் போடுவதற்கு முன், பத்திரிகைக் குறிப்பு எழுதுவதற்கு முன், பெயர் வெளியானவருக்குப் போன் செய்யுங்கள். எந்தெந்த விவரம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வெளியே இருந்தது என்பதை அவர் வாட்ஸ்அப்பில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.