பிஎல்சி படித்துக்கொண்டே போர்ட்ஃபோலியோ தயாரிப்பது எப்படி?

அயர்லாந்தில் ஓவியக் கல்லூரிக்குப் போக லீவிங் சர்ட் (பள்ளி இறுதித் தேர்வு) மதிப்பெண் மட்டும் போதாது, போர்ட்ஃபோலியோவும், அதாவது நீங்கள் செய்த படைப்புகளின் தொகுப்பும் கேட்பார்கள். கையில் உருப்படியாக நாலு படம்கூட இல்லாதவர்களுக்கு இருக்கும் வழி பிஎல்சி (போஸ்ட் லீவிங் சர்டிஃபிகேட்). பள்ளி முடித்தபின் பாலிஃபெர்மட், டன் லேரி போன்ற இடங்களிலுள்ள கல்லூரிகளில் ஓராண்டு படிப்பது. முன்பு வாங்கிய 200 யூரோ பிஎல்சி கட்டணத்தை 2022இல் எடுத்துவிட்டார்கள். தாள், கரி, பெயின்ட் செலவு தனி.

முதலில் காலண்டரை எடுங்கள். வகுப்பு செப்டம்பரில் தொடங்கும், சிஏஓ (கல்லூரி விண்ணப்பங்களைப் பொதுவாக வாங்கும் அலுவலகம்) விண்ணப்பத்துக்குக் கடைசி நேரம் பிப்ரவரி 1 மாலை 5 மணி. போர்ட்ஃபோலியோ கேட்கும் படிப்புகளை அதற்குள் பட்டியலில் போட்டாக வேண்டும், பிறகு மனம் மாறிச் சேர்க்க முடியாது. ஆக, ஓராண்டு என்பது பேருக்குத்தான். கிறிஸ்துமஸ் விடுமுறையைக் கழித்தால் நாலரை மாதம் தேறினால் அதிகம்.

அடுத்தது, போனில் இருக்கும் போட்டோவைப் பார்த்து நடிகர் முகம் வரைவதை நிறுத்துங்கள். (நானும் அப்படி ஒரு கட்டு வைத்திருந்தேன், ஒன்றுகூடப் போர்ட்ஃபோலியோவுக்குள் போகவில்லை.) போட்டோவில் கேமரா உங்களுக்காகப் பார்த்து முடித்துவிடுகிறது. தேர்வாளர்களுக்கு வேண்டியது நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்பது. கண்முன் இருக்கும் செருப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, பஸ்ஸில் தூங்கும் ஆள், எதுவானாலும் சரி, தினமும் அரை மணி நேரம் நேரில் பார்த்து வரையுங்கள்.

அப்புறம் ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டப்ளின் காற்றில் உடைந்து தெருக் குப்பைத்தொட்டியில் தலைகீழாகச் செருகிக் கிடக்கும் குடையைப் பார்த்திருப்பீர்கள். அதை எடுத்து வாருங்கள். முதலில் தாளைப் பார்க்காமல் குடையை மட்டும் பார்த்து ஒரே கோட்டில் வரையுங்கள், கோணல்மாணலாக வரும், வரட்டும். பிறகு கம்பிகளை விட்டுவிட்டு அவற்றுக்கு நடுவே உள்ள வெற்றிடங்களை மட்டும் கரியால் நிரப்புங்கள். நிரப்பியதைத் தள்ளி நின்று பார்த்தால் வௌவால் இறக்கை மாதிரி தெரியும், அந்த வடிவத்தை லைனோ என்ற மென்மையான தகட்டில் செதுக்கி அச்செடுங்கள். கடைசியில் துணியைக் கிழித்துக் கம்பியை வளைத்து ஒரு சிற்பமே செய்துவிடலாம். ஒன்றிலிருந்து இன்னொன்று எப்படிப் பிறந்தது என்பது தெரிய வேண்டும். பத்து தனித்தனி அழகான படங்களில் அது தெரியாது.

இதெல்லாம் நடக்கும் இடம் ஸ்கெட்ச்புக். தப்பான பக்கத்தைக் கிழிக்காதீர்கள், பக்கத்திலேயே என்ன தப்பு என்று இரண்டு வரி எழுதுங்கள். பிடித்த ஓவியரைப் பற்றி இணையத்திலிருந்து வாழ்க்கை வரலாற்றை ஒட்டுவதால் பயனில்லை. மெரியன் சதுக்கத்து தேசிய ஓவியக்கூடத்தின் நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் காசு கிடையாது. போய் ஒரு படத்தின் முன் உட்கார்ந்து, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று குறித்து வாருங்கள்.

ஜனவரியில் எந்தப் படங்களை அனுப்புவது என்று தேர்ந்தெடுங்கள். எத்தனை படம், என்ன அளவு, நேரில் கொடுப்பதா, பிடிஎஃப்பா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், அந்தந்த ஆண்டுக் குறிப்பைப் படியுங்கள். எண்ணிக்கைக்காகச் சுமாரான படத்தைச் செருகினால் பக்கத்தில் இருக்கும் நல்ல படமும் சேர்ந்து மங்கிப்போகும். எதை எடுப்பது என்று உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள், அம்மாவைக் கேட்காதீர்கள், அவருக்கு எல்லாமே பிடிக்கும்.

படங்களைப் போனில் எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம். தாளைச் சுவரில் ஒட்டி, போனை அதற்கு நேராகப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். கரிப் படம் என்றால் அதற்கு முன்பே ஃபிக்சேட்டிவ் (கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஸ்ப்ரே) அடித்துக் காயவிடுங்கள், கை பட்டால் போயிற்று. வெயில் நேராக விழாத மேகமூட்டமான பகல் இதற்கு நல்லது. டப்ளின் ஜனவரியில் அதற்குப் பஞ்சமே இல்லை, ஆனால் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும், மதியத்துக்குள் முடித்துவிடுங்கள்.