மேலண்ணக் கட்டி: வலிக்கவில்லை என்று விட்டுவிடக் கூடாது

சாப்பிட்டு வாய் கொப்பளிக்கும்போது நாக்கு நுனிக்கு மேல்வாயில் ஒரு சிறு மேடு தட்டுப்படுகிறது. வலி இல்லை, ரத்தம் இல்லை, சாப்பிடுவதற்கும் தடை இல்லை. தாளடி அறுப்பு முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அறுப்பு முடிந்தால் கல்யாணம், கல்யாணம் முடிந்தால் மேட்டூர்த் தண்ணீர், அடுத்து நாற்று என்று மாதங்கள் ஓடிவிடும். மேலண்ணக் கட்டிகளைப் பொறுத்தவரை நாம் செய்யும் தவறுகளில் மிகப் பெரியது இதுவே என்று நான் கருதுகிறேன். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

வலியை ஏன் அளவுகோலாகக் கொள்ளக் கூடாது என்பதற்கு அண்ணத்தின் அமைப்பே காரணம். முன்பக்கம் எலும்பாலான வன்அண்ணமும் பின்பக்கம் தசையாலான மென்அண்ணமும் சேர்ந்த இந்தக் கூரையின் மெல்லிய தோலுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத உமிழ்நீர்ச் சுரப்பிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வாய்க்குள் இருக்கும் இத்தகைய சிறு சுரப்பிகளில் உண்டாகும் கட்டிகள் மிகுதியாகத் தோன்றும் இடம் அண்ணம்தான். காதுக்குக் கீழே உள்ள பெரிய சுரப்பியில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால் அண்ணத்தின் சிறு சுரப்பிகளில் வரும் கட்டிகளில் ஏறத்தாழப் பாதி புற்றாக இருக்கக்கூடும். தீங்கற்றவற்றில் முதன்மையானது ப்ளியோமார்பிக் அடினோமா. புற்றுக் கட்டிகளில் அடிக்கடி காணப்படுபவை மியூக்கோஎபிடெர்மாய்டு கார்சினோமாவும் அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமாவும் ஆகும். இவை மூன்றுமே தொடக்கத்தில் ஒரு பக்கமாக, மேல்தோல் சிதையாமல், வலியின்றி மெதுவாக வளரக்கூடியவை என்பதால் வெறும் கண்ணால் பார்த்து இன்னது என்று சொல்லிவிட முடியாது.

அடினாய்டு சிஸ்டிக் வகையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அது ஆண்டுக்கணக்கில் அமைதியாக இருப்பது போலத் தோன்றினாலும் நரம்புகளின் வழியே ஊர்ந்து மண்டையோட்டின் அடிப்பகுதிவரை செல்லக்கூடியது. சிகிச்சை முடிந்து பத்தாண்டுகளுக்குப் பிறகும் நுரையீரலில் தலைகாட்டுவது உண்டு. எனவே ‘நாலு வருடமாக அப்படியேதான் இருக்கிறது’ என்பது ஆறுதலுக்குரிய செய்தி அல்ல. அண்ணத்திலோ மேலுதட்டிலோ கன்னத்திலோ மரத்துப்போன உணர்வு ஏற்பட்டாலும், காரணமின்றி மேல்பற்கள் ஆடினாலும், பல் செட் திடீரெனப் பொருந்தாமல் போனாலும், ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்துக்கொண்டே இருந்தாலும் நாள் கடத்தக் கூடாது. கன்ன எலும்புக்குள் இருக்கும் சைனஸில் தோன்றிய புற்றும் அண்ணத்தைக் கீழே தள்ளிக்கொண்டு வரலாம்.

இதற்கு நேர்எதிரான தவறும் உண்டு. அண்ணத்தின் நடுக்கோட்டில் கல்லைப் போலக் கெட்டியாக, இரு பக்கமும் ஒரே சீராக இருக்கும் மேட்டைத் தற்செயலாகத் தடவிப் பார்த்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைப்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அது டோரஸ் எனப்படும் எலும்புப் புடைப்பு, புற்றாக மாறாது, பல் செட் பொருத்த இடையூறாக இருந்தாலன்றி அதை வெட்டி எடுக்கத் தேவையில்லை. பல் வேரில் சீழ் கோத்தாலும் அண்ணம் வீங்கும். ஆயினும் எது எது என்று பிரித்துச் சொல்வது பல் மருத்துவரின் வேலை.

புண்ணைப் பற்றிய தவறு வேறு வகையானது. வாய்ப்புண் என்றவுடன் உடம்புச் சூடு என்று முடிவுகட்டி மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் கொடுப்பது நம் வீடுகளின் வழக்கம். சாதாரணப் புண்ணுக்கு அது இதமாக இருக்கும், அதில் குறையில்லை. ஆனால் இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணுக்குக் கீரை மருந்தாகாது. அதை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். புகைப்பவர்கள், மது அருந்துபவர்கள், வெற்றிலை சீவலோடு புகையிலையை அடக்கிக்கொள்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பில் அறிவித்தது. கும்பகோணம் வெற்றிலையின் பெருமை பேசும் நமக்கு இது கசப்பான செய்திதான். எனினும் பழி கொடிக்கால் இலையின் மீதன்று, பாக்கின் மீது. பாக்கினால் வரும் புற்று கன்னத்தையும் நாக்கையுமே அதிகம் தாக்குகிறது. வன்அண்ணத்தைக் குறிவைப்பது, ஆந்திரக் கடலோரத்தில் சிலர் செய்வதுபோல, சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் பழக்கம். பல் செட் அணிபவர்கள் அதைக் கழற்றிவிட்டு, கைப்பேசி வெளிச்சத்தில் தலையை அண்ணாந்து மாதம் ஒருமுறை கண்ணாடியில் பார்த்துக்கொள்வது நல்லது.

‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்ற அச்சத்தினால் சதைப் பரிசோதனையை மறுப்பது மனத்தை மிகவும் வருத்தும் தவறு. முறையாகச் செய்யப்படும் பயாப்சியினால் நோய் முற்றிவிடுவதில்லை; முற்றிய பிறகே பலர் பயாப்சிக்கு வருவதால் அந்தப் பழி அதன்மேல் விழுகிறது. அண்ணத்தில் புற்றைப் போலவே பள்ளம் விழுந்து தோன்றி, சில வாரங்களில் தானே ஆறிவிடும் ஒரு புண்ணும் உண்டு. சுரப்பிகளுக்கு ரத்தம் தடைப்படுவதால் அது வருகிறது. அது வந்தவரைத் தேவையற்ற பெரிய அறுவையிலிருந்து காப்பதும் அதே பரிசோதனைதான். மேலாக ஒரு துணுக்கு எடுத்து ‘ஒன்றுமில்லை’ என்று அறிக்கை வந்தபின்னும் கட்டி வளர்ந்தால், மறுபடி ஆழமாக எடுக்கச் சொல்லிக் கேட்கத் தயங்கக் கூடாது.

பரிசோதனைக்கு முன்பே கட்டியைக் கீறுவதும் சுடுவதும் தோண்டி எடுப்பதும் கூடாது. தீங்கற்ற ப்ளியோமார்பிக் அடினோமாகூட, சுற்றியுள்ள நல்ல திசுவோடு சேர்த்து எடுக்கப்படாமல் வெறுமனே தோண்டப்பட்டால் மீண்டும் முளைக்கும். நெடுங்காலம் விட்டுவைத்தால் சில வேளைகளில் புற்றாகவும் மாறும். எலும்பு அரிக்கப்பட்டிருக்கிறதா என்பதை சி.டி. ஸ்கேனும், நரம்பு வழிப் பரவலை எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் காட்டும். முதல் படியாகத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சிதம்பரத்தில் உள்ள பல் மருத்துவக் கல்லூரிக்கோ செல்லலாம். போகும்போது பழைய அறிக்கைகளையும் சதைத் துணுக்கு பதித்த கண்ணாடி ஸ்லைடுகளையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

அண்ணத்தில் ஓட்டை விழுந்துவிடும், பேச்சு போய்விடும் என்று அறுவையைத் தவிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த இடைவெளியை அடைக்க, பல் செட்டைப் போலக் கழற்றி மாட்டக்கூடிய அப்ச்சுரேட்டர் என்ற தட்டு உண்டு. அதை மாட்டியபின் சாப்பாடு மூக்கில் ஏறாமலும் பேச்சு மூக்கால் வராமலும் பெருமளவு தடுக்கலாம். காயம் ஆறும் மாதங்களில் இடைவெளியின் அளவு மாறுவதால் தட்டையும் அவ்வப்போது திருத்த வேண்டியிருக்கும். குடித்த தண்ணீர் மீண்டும் மூக்கில் ஏறத் தொடங்கினால் தட்டைக் குறை சொல்லி எடுத்து வைத்துவிடாமல், மருத்துவரிடம் கொண்டுபோய்த் திருத்தி வாங்கிக்கொள்ள வேண்டும்.