எழுதியது, ஆனால் படிக்கவில்லை: ஒரு 245 சிப்பின் கதை

கிளிநொச்சியில் வீட்டு மேசையில் இசட்80 என்ற பழைய புரொசசரை வைத்து ஒரு சின்ன கணினிப் போர்டு கட்டினேன். நினைவகத்தில் எழுதுவது சரி. படித்தால் மட்டும் பெரும்பாலும் 255, அதாவது எட்டு பிட்டும் 1, வந்தது. புரொசசருக்கும் நினைவகத்துக்கும் நடுவில் தரவை இரு திசையிலும் கடத்தும் 74எல்எஸ்245 சிப்பில் விரல் வைக்க முடியாத சூடு.

அந்தச் சிப்பில் ஏ பக்கம் எட்டுக் கால், பி பக்கம் எட்டுக் கால். 1ஆம் கால்தான் திசையைச் சொல்வது: அதன் மின்னழுத்தம் உயர்ந்தால் ஏயிலிருந்து பிக்கு, தாழ்ந்தால் பியிலிருந்து ஏக்கு. 19ஆம் கால் உயர்ந்தால் இரண்டு பக்கமும் துண்டிக்கப்பட்டு, சிப் இல்லாதது போலாகிவிடும். ஏ பக்கம் புரொசசர், பி பக்கம் நினைவகம் என்பதால் படிக்கும்போது தாழும் புரொசசரின் சிக்னலை 1ஆம் காலுக்குக் கொடுத்திருந்தேன்.

இரண்டு நாள் நினைவகத்தையே சந்தேகித்தேன். அப்புறம் மல்டிமீட்டரை 1ஆம் காலிலேயே நேராக வைத்துப் பார்த்தேன். தொடர்பு இல்லை! ஈயம் மேலே மினுங்கியது, கீழே ஒட்டவில்லை. எல்எஸ் வகைச் சிப்களில் எதனோடும் இணையாமல் அந்தரத்தில் நிற்கும் கால் உயர்ந்ததாகவே கணக்கு. ஆகவே சிப் எப்போதும் நினைவகத்தை நோக்கியே தள்ளியது. படிக்கும் நேரம் நினைவகமும் எதிரே தள்ள, இரண்டும் மோதின. சூடு அதனால்தான்.

ஈயத்தை மறுபடி உருக்கி வைத்தேன். நிலத்தோடு (0 வோல்ட்) கட்டியிருந்த 19ஆம் காலையும் கழற்றி, நினைவகத்தைத் தேர்ந்தெடுக்கும் சிக்னலோடு இணைத்தேன். முதல் தடவையிலேயே எழுதிய எண் அப்படியே திரும்பி வந்தது. பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிப் இப்போது சூடாவதில்லை.