கவண்: நாடக மேடைக்கு ஒரு விண்வெளி ஏவுகணை செய்யும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் தமிழ் நாடகப் போட்டி என்றால் வில், அம்பு, கதாயுதம் செய்யத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. விண்வெளிக் கதை என்று வந்தால்தான் தடுமாற்றம். கூர்மூக்கு, நாலு இறக்கை, சிவப்பு பெயின்ட் என்று தீபாவளி ராக்கெட்டையே ஊதிப் பெரிதாக்கி மேடையில் நிறுத்திவிடுகிறார்கள்.

இங்கே செய்யப்போவது ‘கவண்’. தினைப்புனத்தில் கிளி விரட்டிய கவணின் பெயர்தான். விண்கலத்தின் வயிற்றிலிருந்து கிளம்பி, காற்றே இல்லாத வெளியில் இலக்கைத் துரத்தும் கற்பனை ஆயுதம். காற்று இல்லை என்பதை மட்டும் மறக்காமல் இருந்தால் வடிவம் தானாக வந்துவிடும். இறக்கை வேண்டாம், பிடித்துத் திருப்ப அங்கே காற்றில்லை. மூக்கு கூராக இருக்க வேண்டியதில்லை. திரும்புவதற்குச் சின்னச் சின்ன உந்துவாய்கள் (வாயுவைப் பீய்ச்சித் தள்ளும் துளைகள்) வேண்டும். அவை நடு உடம்பில் இருந்தால் பயனில்லை. கதவைக் கீல் பக்கம் தள்ளிப் பார்த்தால் ஏன் என்று புரியும். முன்முனையில் நாலு, பின்முனையில் நாலு வையுங்கள். பின்னால் பெரிய புனல்வாய், நல்ல அகலமாக. வெற்றிடத்தில் ஓடும் எஞ்சின்களுக்கு வாய் அகலம்தான்.

உடம்புக்கு 110 மில்லிமீட்டர் வெள்ளை பிவிசி வடிகால் குழாய், 1.2 மீட்டர். இதை 60 செ.மீ. துண்டுகளாக இரண்டாக வெட்டி, நடுவில் இணைப்பு சாக்கெட் போடுங்கள். பசை வேண்டாம், பக்கத்துக்கு இரண்டு திருகு போதும். மூக்குக்கு, இரண்டாகப் பிரியும் தெளிவான பிளாஸ்டிக் உருண்டை (கிறிஸ்துமஸ் சமயத்தில் கிடைக்கும்), 100 மி.மீ. அளவில், ஒரு பாதி. உள்ளே கறுப்பு அடித்தால் கண்ணாடிக் கண் போலத் தெரியும். புனல்வாய்க்கு சமையலறைப் புனல், உந்துவாய்க்குப் பேனா மூடி.

குழாயின் சுற்றளவு 346 மி.மீ. அதே நீளத்தில் ஒரு காகிதப் பட்டை வெட்டி நாலாக மடித்தால் 86.5 மி.மீ.க்கு ஒரு கோடு. உந்துவாய்களின் இடம் அதுதான். கண்ணளவில் வைத்தால் எப்போதும் ஒன்று கோணிக்கொள்ளும்.

உடம்பின் மேல் கவசத்தகடு போலத் தெரிய 5 மி.மீ. ஈவிஏ ஃபோம் (ரப்பர் போல வளையும் மெத்தென்ற தாள்) சுற்ற வேண்டும். பாதிப்பேர் கோட்டை விடுவது இங்கேதான். 346 என்று வெட்டினால் விளிம்புகள் ஒன்றரை செ.மீ. எட்டாமல் நிற்கும். ஃபோமின் கனத்தையும் விட்டத்தோடு கூட்டி, 115ஐ 3.14ஆல் பெருக்குங்கள்: 361 மி.மீ. காண்டாக்ட் பசையை ஒட்டவேண்டிய இரண்டு பரப்பிலும் மெல்லியதாகப் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்ட பிறகே சேர்க்கவும். ஈரத்தோடு சேர்த்தால் அன்று ஒட்டியிருக்கும், ஒத்திகையில் பிரியும்.

பிவிசியின் வழுவழுப்பை 180, பிறகு 320 எண் உப்புத்தாளால் எடுத்து, ஸ்பிரிட்டால் துடையுங்கள். ஃபோம் பெயின்ட்டைக் குடிக்கும். வெள்ளைப் பசையும் தண்ணீரும் சம அளவு கலந்து மூன்று பூச்சு கொடுத்து அடையுங்கள். ஸ்ப்ரே 25 செ.மீ. தள்ளி, மூன்று மெல்லிய பூச்சாக. டர்பன் கோடையில் மழைக்கு முந்தின புழுக்கத்தில் அடிக்கவே அடிக்காதீர்கள். ஈரம் படிந்து மேல்பூச்சு பால்போல வெளுத்துவிடும். மூக்கில் தெர்மோகோல் ஏதும் வைத்திருந்தால் ஸ்ப்ரே அதைக் கரைத்துத் தின்னும்.

பழசாக்கும்போது துருவைக் கீழ்நோக்கி வழியவிடுவது மாடல் செய்பவர்களின் கைப்பழக்கம். விண்வெளியில் மழையும் இல்லை, ‘கீழே’யும் இல்லை. தேய்மானம் கை பட்ட இடத்திலும், கொக்கி பிடித்த இடத்திலும், திருகுகளைச் சுற்றியும்தான் வரும். பஞ்சில் வெள்ளிப் பெயின்ட்டைத் தொட்டு, காகிதத்தில் பாதியைத் துடைத்துவிட்டு, அந்த விளிம்புகளில் மட்டும் ஒற்றுங்கள். கரி புனல்வாய்க்குள்ளே போதும்.

எழுத்துக்கு ஸ்டென்சில் வெட்டும்போது கவனம்: க, வ, ண மூன்றிலும் மூடிய சுழி உண்டு. 2 மி.மீ. அகலத்துக்கு வெட்டாத பாலம் விடாவிட்டால் சுழியின் நடுத்துண்டு கழன்று விழுந்து எழுத்து வெறும் கறுப்புக் கட்டியாகிவிடும். தமிழ் எண் போட ஆசையென்றால் ௩ போடுங்கள். ௧ போட்டால் ‘க’ என்றும், ௭ போட்டால் ‘எ’ என்றும்தான் பார்ப்பவர்கள் படிப்பார்கள்.

எஞ்சின் வெளிச்சத்துக்கு 9 வோல்ட் பேட்டரியும் நாலு நீல எல்இடியும். ஒவ்வொரு எல்இடிக்கும் தனித்தனியாக 390 ஓம் ரெசிஸ்டர். நாலுக்கும் சேர்த்து ஒன்றே போட்டால் ஒன்று பளிச்சென்றும் மற்றது மங்கலாகவும் எரியும். முன்னால் பேக்கிங் தாள் (கேக் சுடும் தட்டில் விரிப்பது) ஒட்டினால் புள்ளிபுள்ளியாகத் தெரியாது.

ஏற்றிச் செல்லும்போது இரண்டாகக் கழற்றி, போர்வையில் சுற்றிக்கொள்ளுங்கள். பக்கியின் (பிக்கப் வண்டியின்) பின்னால் திறந்தபடி கிடந்தால் ரோட்டில் பார்ப்பவருக்கு இது நாடகச் சாமான் என்று தெரியாது. வெயிலில் இரண்டு முனை மட்டும் தாங்க நடுவில் பாரம் ஏற்றினால் குழாய் வளைந்துவிடும், பிறகு நிமிராது. நாடகம் முடிந்த இரவே பேட்டரியைக் கழற்றுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து, அடுத்த தடவை கிளிப்பே பச்சை பூத்திருக்கும்.