ஒரே ‘ஸாமா-ஸாமா’, நான்கு ஊர்ப் பேச்சு: புதிதாகப் பழகுவோருக்கு

மலாய் ஒரு வார்த்தைகூடத் தெரியாதா? இந்த ‘ஸாமா-ஸாமா’விலிருந்து தொடங்குங்கள். பாதி வார்த்தை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நம் ‘சமம்’ எந்தச் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்ததோ, அதிலிருந்துதான் மலாயின் ‘ஸாமா’வும்.

படி 1: வாயில் வரட்டும். ஜகார்த்தாவில் (இந்தோனேசிய மொழியும் மலாயின் ஒரு வடிவம்தான்) ‘ஸாமா-ஸாமா’ என்று முழுசாகவே சொல்வார்கள். கோலாலம்பூரில் கடைசி ‘ஆ’ தேய்ந்து, ‘அ’வுக்கும் ‘எ’வுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும்.

படி 2: யாராவது ‘தெரிமா காசி’ (நன்றி) என்றால், ‘ஸாமா-ஸாமா’ என்று பதில் சொல்லுங்கள். உங்களுக்கும் அதே என்று பொருள். நாம் ‘அட, இருக்கட்டும்’ என்று சொல்லும் இடம்.

படி 3: இப்போது ‘சேர்ந்து’. ‘கித்தா பெர்கி ஸாமா-ஸாமா’ என்றால் நாம சேர்ந்தே போவோம். இங்கே தமிழர்களுக்கு ஒரு லாபம்: ‘கித்தா’ நாம், ‘காமி’ நாங்கள். ஆங்கிலேயர் திணறும் இந்த வித்தியாசம் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. இன்னொரு பயன்பாடு: ‘மெரெக்கா ஸாமா-ஸாமா குரு’, அவங்க ரெண்டு பேருமே வாத்தியார். குருவைத் தனியாகச் சொல்லித்தர வேண்டாமே!

படி 4: மணிலா போனால் கவனம். அங்கே பேசும் தகலாக் மொழியிலும் ‘ஸாமா-ஸாமா’ உண்டு, ஆனால் எல்லாரும் சேர்ந்து என்ற பொருள் மட்டும்தான். ஒரு கடையில் ‘சலாமத்’ (நன்றி) என்றவரிடம் நான் ஜம்பமாக ‘ஸாமா-ஸாமா’ என்றேன். எங்கே சேர்ந்து போகிறோம் என்பதுபோல் பார்த்தார். அங்கே ‘வாலாங் அனுமான்’ சொல்ல வேண்டும். ‘ஸாமா கா?’ என்று கேட்டால், நீயும் கூட வர்றியா என்று அர்த்தம்.

படி 5: எழுதுவது. நடுவில் சிறுகோடு போடுங்கள். குறுஞ்செய்தியில் ‘ஸாமா2’ என்று வந்தால் பயப்படாதீர்கள். இரட்டிப்புக்கு 2 போடுவது இந்தோனேசியாவில் 1947 எழுத்துமுறையில் அனுமதிக்கப்பட்டதுதான். 1972 சீர்திருத்தம் அதை விலக்கியது, விரல்கள் விலக்கவில்லை.

படி 6: சிங்கப்பூர், தாய்லாந்து பக்கத்து ஆங்கிலத்தில் ‘ஸேம்-ஸேம்’. ரெண்டும் ஒண்ணுதான் என்று கடைக்காரர் பொருளைக் காட்டிச் சொல்வார். ஆங்கில ‘ஸேம்’ நம் ‘சம’த்துக்குத் தூரத்துச் சொந்தம்தான். முதலெழுத்தை மட்டும் ‘ஷே’ ஆக்கிவிடாதீர்கள். பக்கத்தில் தமிழ்ப் பிள்ளைகள் இருந்தால் ‘பப்பி ஷேம்’ என்று மீதியைப் பாடிவிடுவார்கள்.