அவசர சிகிச்சைப் பிரிவில் முதல் பணி: மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு முதன்முறையாக அனுப்பப்படும் செவிலிய மாணவர்களும் மருத்துவ மாணவர்களும், பாடத்தில் படித்த வரிசைப்படி நோயாளிகள் வருவார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. தொப்பூர் கணவாயில் விபத்தில் சிக்கியவர், பூச்சிமருந்து குடித்தவர், வரப்பில் பாம்பு கடித்தவர், நெஞ்சுவலியோடு வந்தவர் என எல்லோரும் அரை மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து வந்து சேரலாம். அந்த நெரிசலில் மாணவர்கள் செய்யும் தவறுகளுக்குப் பெரும்பாலும் காரணம், ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற துடிப்பும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூசுவதும்தான்.

முதலில் சொல்ல வேண்டியது மூச்சு எண்ணிக்கையைப் பற்றி. நாடி, ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன் அளவு ஆகியவற்றைக் கருவி காட்டிவிடுகிறது. மூச்சை மட்டும் நாம்தான் எண்ண வேண்டும். எனவே எண்ணாமலேயே 18 அல்லது 20 என்று எழுதிவிடும் பழக்கம் மாணவரிடம் முதல் நாளிலேயே ஒட்டிக்கொள்கிறது. நிலைமை மோசமாகிவருவதை மற்ற அளவுகளுக்கு முன்பே காட்டிக்கொடுப்பது பல நேரங்களில் மூச்சின் வேகம்தான் என்பதால், இதைச் சின்னத் தவறு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரிந்தால் மூச்சின் இயல்பு மாறிவிடும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ அது தவறான எண்ணைக் காட்டக்கூடும்.

நினைவு நிலையைப் பதிவதிலும் நம் பகுதிக்கே உரிய ஒரு தவறு நேர்கிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருபவர்களில் பலருக்கு வீட்டு மொழி தெலுங்கு அல்லது கன்னடம். தமிழில் கேட்டதற்குப் பதில் வரவில்லை என்பதற்காக நினைவு மங்கியிருப்பதாக எழுதினால், தலைக்காயம்பட்டவரின் சிகிச்சையே வேறு பாதையில் போய்விடலாம். உடன் வந்தவரிடம், "இவர் வீட்டில் என்ன பேசுவார்?" என்று கேட்க ஒரு நொடிகூட ஆகாது.

பாம்புக்கடியில் செய்யும் தவறுகளைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இறுக்கிக் கட்டிய கயிற்றையோ துண்டையோ பார்த்ததும் கத்தரிக்கோலை எடுக்கும் மாணவர் நல்லெண்ணத்தில்தான் செய்கிறார். ஆனால் கட்டைத் திடீரென்று அவிழ்த்தால் தேங்கியிருந்த விஷம் ஒரே நேரத்தில் பரவி, ரத்த அழுத்தமோ மூச்சோ சட்டென்று வீழக்கூடும். மருத்துவர் அருகில் நின்று, ஐ.வி. லைன் (ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றும் குழாய்) போட்டு, எல்லாம் தயாரான பிறகுதான் அதை அவிழ்க்க வேண்டும். அடுத்தது, ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனை. புதிதாக எடுத்த 2 மி.லி. ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, பிறகு ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயிலோ சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயிலோ நல்ல ரத்தமும் உறையாமல் போகலாம்; அதை நம்பி, தேவையில்லாதவருக்கு விஷமுறிவு மருந்து ஏற்றப்பட்டுவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குழாயை எடுத்து ஆட்டிப் பார்ப்பதும் சோதனையைக் கெடுக்கும். நேரத்தைக் குழாயின்மேலேயே எழுதி ஒட்டிவிட்டு, கையை எடுத்துவிடுங்கள்.

கட்டுவிரியன் கடி இன்னும் ஏமாற்றும். கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ ஏறக்குறைய இருக்காது. பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். இரவில் தரையில் படுத்தவர் விடிகாலையில் வயிற்றுவலி, வாந்தி என்று வந்தால், அஜீரணம் என்று எழுதி ஓரமாக உட்கார வைத்துவிடும் ஆபத்து உண்டு. எங்கே படுத்திருந்தார் என்று கேளுங்கள். மேலே பார்க்கச் சொல்லி, இமை முழுதாகத் திறக்கிறதா என்று கவனியுங்கள். இமை தொங்கினால் அந்த நொடியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், ஏனெனில் அடுத்து மூச்சுத் தசைகள் தளரக்கூடும்.

பூச்சிமருந்து குடித்தவரை வெறும் கையால் தொடக் கூடாது; ஓ.பி. (ஆர்கனோபாஸ்பேட்) வகைப் பூச்சிக்கொல்லி விஷம் தோல் வழியாகவும் உள்ளே போகும். நனைந்த உடையைக் களைந்து உடலைக் கழுவுவது சிகிச்சையின் ஒரு பகுதி என்பதால், மருந்து ஏறத் தொடங்கிவிட்டது என்று அதை விட்டுவிட வேண்டாம். குடித்த பூச்சிமருந்துப் பாட்டிலையோ அதன் லேபிளின் படத்தையோ உறவினரிடம் கேட்டு வாங்குங்கள். குடித்தது பாராகுவாட் களைக்கொல்லியாக இருந்தால், யோசிக்காமல் ஆக்ஸிஜன் வைப்பதே நுரையீரலுக்குக் கூடுதல் கேடாகலாம்.

வாய்மொழியாக வரும் உத்தரவு பாதி காதில் விழுந்த நிலையில் மருந்தை எடுக்க ஓடுவது பெரிய தவறு. மருந்தின் பெயர், அளவு, செலுத்தும் வழி ஆகிய மூன்றையும் திருப்பிச் சொல்லி, "சரி" என்ற பதில் வந்த பிறகே கிளம்ப வேண்டும். அட்ரினலின், அட்ரோபின் ஆம்பூல்கள் (மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பிகள்) பெயரிலும் தோற்றத்திலும் குழப்பக்கூடியவை. உடைப்பதற்கு முன் லேபிளை ஸ்டாஃப் நர்ஸிடம் காட்டிப் படியுங்கள். பொட்டாசியம் குளோரைடை நேராக ரத்தக்குழாயில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். அந்த ஆம்பூலைத் தனியாகக் கையாள மாணவர் ஒப்புக்கொள்ளவே கூடாது.

இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் முறை உங்களுக்கு வந்தால், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் வரை, 5 முதல் 6 செ.மீ. ஆழம், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். களைத்த பிறகும் வீம்புக்குத் தொடர்ந்தால் அழுத்தத்தின் ஆழம் குறைந்துவிடும்.

"எம்புள்ள பொழைச்சுக்குவானா, சிஸ்டர்?" என்று ஒரு தாய் கையைப் பிடிக்கும்போது, "ஒண்ணும் ஆகாதும்மா" என்ற சொல் தானாக வாயில் வரும். அதைச் சொல்லாதீர்கள். "டாக்டர் பார்த்துக்கிட்டிருக்காரும்மா, அவரை உங்ககிட்ட பேசச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, உண்மையிலேயே போய் மருத்துவரிடம் சொல்லுங்கள். மறந்துவிட்டால் அந்தத் தாய்க்கு நம் சொல்லில் நம்பிக்கை போய்விடும். விபத்து, விஷம், தாக்குதல் போன்றவை போலீஸ் விசாரணைக்குரியவை என்பதால், வெட்டியெடுத்த உடைகளைக் குப்பையில் போடாமல் ஒப்படைக்க வேண்டும். நோயாளியைப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்புவதை எந்தக் காரணமும் நியாயப்படுத்தாது.

கடைசியாக, ஊசி குத்திக்கொண்டால் மறைக்காதீர்கள். பயன்படுத்திய ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டும்போதுதான் இது அதிகம் நேர்கிறது. மூடாமல் நேராக வெள்ளை நிறப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, பணியிலிருக்கும் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முதல் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் பயன் எதிர்பார்க்க முடியாது. திட்டுவார்களே என்று பயந்து அடுத்த ஷிப்ட் முடியும்வரை காத்திருக்கும் மாணவர், அந்த மருந்து நன்றாக வேலை செய்யக்கூடிய நேரத்தைத்தான் இழக்கிறார். திட்டு விழுந்தாலும் பரவாயில்லை, அப்போதே சொல்லிவிடுங்கள்.